முறை வைத்து ஓட்டிய படம்

பயப்படாதே கண்ணு, உன் போனைக் கேட்கமாட்டேன். போன மாதமாக இருந்தால் கேட்டிருப்பேன். கேட்டு வாங்கி, அந்தக் கம்பெனியின் ஆப்பை இறக்கி, என் மகள் எடுத்த படத்தை ஓடவிட்டு, சத்தத்தை அடைத்து, "இப்படியே கவுத்து வச்சுக்கம்மா, சென்னை வரைக்கும் ஓடட்டும்" என்று திருப்பிக் கொடுத்திருப்பேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் எத்தனையோ பேரிடம் அப்படிச் செய்திருக்கிறேன். ஒருவர்கூட மறுத்ததில்லை. வயதான பெண் ஒருத்தி கேட்டால் மறுக்கத் தெரியாத ஜனம் நம் ஜனம். இப்போது கேட்டுப் பிரயோஜனமில்லை. படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

என்ன? ஆமாம், ஜன்னலோரம் என் இடம்தான். இருக்கட்டும், நீயே உட்கார். எனக்கு ரயிலுக்கு வெளியே பார்க்க என்ன இருக்கிறது? மரங்கள் பின்னால் போகும். நான் இருந்தாலும் போகும், இல்லாவிட்டாலும் போகும்.

சென்னைக்கு எதற்குப் போகிறேன் என்று கேள். என் மகள் என்னோடு பேசுவதில்லை. போன் அடிக்கிறது, அடிக்கிறது, அடித்து ஓய்ந்துவிடுகிறது. அதனால் நேரே போய் வாசலில் நிற்கப் போகிறேன். நின்றால் கதவைத் திறந்துதானே ஆகவேண்டும்? பெற்றவளை வாசலில் நிற்க வைப்பாளா? மாட்டாள். மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அவள் என்னோடு பேசிவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. மற்றதெல்லாம் பிறகு.

நீ ஏதோ சொல்ல வருகிறாய். இரு, முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

அவள் பெயர் எழிலி. எழிலி என்றால் மேகம். நான் பி.ஏ. தமிழ் படித்துவிட்டு, பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக நுழைந்து தலைமையாசிரியையாக வெளியே வந்தவள். பெயரை நான்தான் வைத்தேன். அவள் அப்பா மாலா என்று வைக்கச் சொன்னார். நான் கேட்கவில்லை. மேகம் என்று பெயர் வைத்தால் ஓரிடத்தில் நிற்குமா? சென்னைக்குப் போய் சினிமாவில் சேர்ந்துவிட்டது.

நீ நினைக்கிற சினிமா இல்லை. பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. ஒருத்தி பீன்ஸ் நறுக்கினால், கடைசி பீன்ஸ் வரைக்கும் நறுக்கி முடிகிற வரையில் கேமரா அங்கேயே நிற்கும். சுயாதீனப் படம் என்று சொல்கிறார்கள். யாரும் உதவிக்கு வரவில்லை என்பதை இப்படிக் கௌரவமாகச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். சென்னையில் இவளைப் போல இன்னும் சில பேர் இருக்கிறார்கள். இவர் படத்தை அவர் பார்ப்பார், அவர் படத்தை இவர் பார்ப்பார். கல்யாண வீட்டு மொய் மாதிரி. வெளியாள் யாரும் பந்தியில் உட்காருவதில்லை.

படம் முழுக்க எங்கள் வீட்டில்தான் எடுத்தார்கள். அந்த நாட்களில் எனக்கு ஓய்வு ஒழிச்சல் கிடையாது. எல்லாருக்கும் காலையில் கம்பங்கூழ், பதினோரு மணிக்கு மோர். விளக்குக் கம்பம் எங்கே வைக்கலாம், எங்கே வைத்தால் சுவரில் கீறல் விழும், எல்லாம் நான்தான் சொன்னேன். எழிலி இரண்டு தடவை, "அம்மா, நீ சித்த நேரம் ரூமுக்குள்ள உக்காரேன்" என்றாள். என் மூட்டுவலி அவளுக்குத் தெரியும். பாசம்.

அம்மா வேஷம் போட மதுரையிலிருந்து தவமணி என்று ஒரு நாடகக்காரப் பெண்மணி வந்திருந்தார். படம் தொடங்குவதற்கு முந்தின வாரமே வந்து என் கூடவே இருந்தார். நான் அடுக்களைக்குப் போனால் அடுக்களை, மாடிக்குப் போனால் மாடி. என் பழைய காட்டன் புடவைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். என் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். இடுப்பில் சாவிக்கொத்தை எப்படிச் செருகுவது என்று கேட்டார். நான் பேசினால் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி ஒரு மரியாதை. "எதுக்கும்மா இதெல்லாம்?" என்றால், "கேரக்டருக்கு, டீச்சர்" என்பார். மகள் பேச்சுக்குக் காது கொடுக்காத ஒரு தாயின் பாத்திரமாம். என்னைப் போல ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், அப்படி இல்லாத ஒருத்தியை நடிக்க வரும் போலிருக்கிறது. கலை விஷயம். நமக்குத் தெரியாது.

படத்தை முடித்தாள். எங்கேயோ பனி பெய்கிற ஊரில் பரிசு கொடுத்தார்கள். அங்கே பார்த்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்களாம். இங்கே உட்கார்ந்து பார்க்க ஆள் இல்லை. தியேட்டர்காரர்கள் எல்லாரும் நல்ல மாதிரியாகப் பேசி, காபி கொடுத்து, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள்.

அப்புறம்தான் இந்த இணையக் கம்பெனிகளின் படியேறினாள். ஒரு கம்பெனியில் ஒரு அதிகாரி. படத்தைப் பார்த்துவிட்டேன் என்றாராம். பார்த்தது முதல் பத்து நிமிஷம். "மேடம், முதல் பத்து நிமிஷத்துல ஒரு டெத் இருக்கணும். இல்லன்னா ஆடியன்ஸ் அடுத்த படத்துக்குப் போயிடுவாங்க" என்றாராம். இவள் படத்தில் முதல் பத்து நிமிஷம் அந்த அம்மா தோசைக்கல்லைத் தேடுகிறாள். எழிலி என்னிடம் சொல்லி அழுதாள். நான் சொன்னேன், "அப்பா கேரக்டரைக் கொன்னுடேன்டி. யார் கேக்கப்போறா?" ஆனால் எனக்கு அந்த ஆள்மேல் வந்த கோபம் இருக்கிறதே! ஒருத்தி மூன்று வருஷம் உயிரைக் கொடுத்து எடுத்த படம். முழுசாகப் பார்க்காமல் அதைப் பற்றிப் பேச ஒரு மனுஷனுக்கு எப்படி மனசு வருகிறது? நீயே சொல்.

இரு, முடித்துவிடுகிறேன்.

கடைசியில் ஒரு சின்னக் கம்பெனி எடுத்துக்கொண்டது. பேர் வேண்டாம். போஸ்டரில் தெரிந்த முகம் இருக்க வேண்டும் என்றார்கள். தெரிந்த முகத்துக்கு எழிலி எங்கே போவாள்? படத்தில் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவராக ஒரு காமெடி நடிகர் ஒரு நிமிஷம் வந்துபோகிறார். பாவம், நட்புக்காக வந்தவர். அவர் முகத்தைப் பெரிதாகப் போட்டு, பல்லைக் காட்டவைத்து, மூலையில் தவமணி அம்மாளை உப்பு டப்பா அளவுக்கு வைத்து, "குடும்ப நகைச்சுவை" என்ற தலைப்பின் கீழே சேர்த்துவிட்டார்கள். எழிலிக்கு முகம் செத்துப்போயிற்று. எனக்கென்னவோ போஸ்டர் நன்றாகத்தான் இருந்தது. பளிச்சென்று.

கம்பெனி ஒரு நிபந்தனை வைத்தது. ஜனங்கள் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று அவர்களுடைய மிஷின் எண்ணிக்கொண்டே இருக்குமாம். முதல் மாதம் நல்ல நேரம் ஓடினால் படத்தை முன்பக்கத்தில் வைப்பார்கள். அவளுடைய அடுத்த கதையையும் கேட்க உட்காருவார்கள். ஓடாவிட்டால் அடியில் போய்விடும். அந்த அடியில் என்னென்ன கிடக்கிறதோ, கடலுக்கடியில் கிடக்கிற மாதிரி.

வெளியாவதற்கு முந்தின நாள் போன் செய்தாள். "அம்மா, நாளைக்கு வருது. நீ உக்காந்து முழுசா பாரு. யாரையும் கூப்பிடாத. நீ மட்டும் பாரு. பாத்துட்டு எனக்குப் போன் பண்ணு. அது போதும் எனக்கு."

"நான் ஒருத்தி பாத்தா போதுமாடி? ஊரையே பாக்க வைக்கிறேன், இருந்து பாரு."

"ஊரு வேணாம்மா."

தன்னடக்கம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பரிசு வாங்க மேடைக்குக்கூட நான்தான் தள்ளிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் டி.வி.க்கு மாலை போட்டேன். குத்துவிளக்கு ஏற்றினோம். காலனிச் சங்கச் செயலாளர் வாழ்த்திப் பேசினார். சினிமாவின் தோற்றத்திலிருந்து தொடங்கி ரொம்ப நேரம் பேசினார். அவரை நிறுத்தி, படத்தைப் போட்டு, எழுத்து ஓட ஆரம்பித்து, "எழுத்து, இயக்கம்: எழிலி" என்று வந்ததும் எல்லாரும் கைதட்டினோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கண்ணோடு அப்படியே அடுக்களைக்குப் போய்க் கேசரியை எடுத்துவந்தேன். கேசரி கொடுத்து முடிப்பதற்குள் விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது என்று ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். நல்ல தொடக்கம்.

மறுநாள்தான் யோசித்தேன். கைதட்டினால் மிஷின் எண்ணுமா? எண்ணாது. ஓடினால்தான் எண்ணும். ஓட வைக்க வேண்டும்.

எங்கள் காலனியில் பெண்கள் பாராயணக் குழு ஒன்று இருக்கிறது. நான்தான் தலைவி. மார்கழியில் தொடர் பாராயணம் செய்வோம். ஒருவர் வாய் ஓயும்போது அடுத்தவர் வாய் தொடங்கும், இழை அறாது. முறை போட்டுக் கொடுத்துவிடுவேன், யாரும் தப்பிக்க முடியாது. அதே முறையைப் படத்துக்கும் வைத்தேன். செண்பகவடிவு காலையில், கோகிலவாணி மத்தியானம், மீனலோசனி சாயங்காலம், இப்படி. பக்கத்துத் தெரு ரெஜினா டீச்சர் பாராயணத்துக்கு வரமாட்டார், வேறு சாமி. படத்துக்கு வந்தார். "எழிலி எனக்கும் பொண்ணுதான் டீச்சர்" என்று இரண்டு போன் கொண்டுவந்தார்.

எல்லாருக்கும் தங்கள் நெட் தீர்ந்துவிடும் என்று பயம். அதனால் எங்கள் வீட்டு வைஃபை. கணக்கும் நானே தொடங்கிக் கொடுத்தேன். பாஸ்வேர்டு எல்லாருக்கும் ஒன்றே, மறந்து தொலைக்கக்கூடாது பார். கோலம் போட்ட கையோடு வந்து போனை வைத்துவிட்டுப் போவார்கள். பூஜை அறையில் சில, அரிசி டிரம்மின் மேல் சில, ஃப்ரிட்ஜ் மேல் சில. வெளிச்சம் கண்ணை உறுத்தாதபடிக்கு எல்லாம் கவிழ்த்து. முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. நான் அடுப்பைக் கவனித்துக்கொண்டே ஒரு சுற்று வருவேன். நின்றுபோனதைத் தட்டி எழுப்புவேன். பரீட்சை ஹாலில் சுற்றி வந்த பழக்கம்.

முதல் நாள் சத்தத்தை அடைக்க மறந்துவிட்டோம். அந்தக் கூத்தை ஏன் கேட்கிறாய்! எல்லாப் போனும் ஒரே நேரத்திலா தொடங்கும்? ஒன்று முன்னே, ஒன்று பின்னே. அரிசி டிரம்மிலிருந்து "அம்மா" என்கிறது. ஃப்ரிட்ஜ் மேலிருந்து "அம்மா, கொஞ்சம் கேளேன்" என்கிறது. நான் கூடத்துக்கு வந்தால் பூஜை அறையிலிருந்து "அம்மா, கொஞ்சம் கேளேன்". எங்கே திரும்பினாலும், "அம்மா, கொஞ்சம் கேளேன்". ஒரு வேலை ஓடவில்லை. பால் பொங்கி வழிந்துவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தத்தை முழுக்க அடைத்த பிறகுதான் வீடு அமைதியாயிற்று. நல்ல அமைதி. அவள் அப்பா போன பிறகு எங்கள் வீடு அப்படித்தான். ஆள் குறையக் குறைய வீடு பெரிதாகிறது. அந்த ஒரு மாதம் மட்டும் கொஞ்சம் நிறைந்திருந்தது. திரும்பின இடமெல்லாம் என் மகள் எடுத்த படம், முகம் கவிழ்ந்து படுத்துக்கொண்டு.

உன் அம்மா எங்கே, மதுரையா? போன் பண்ணுவாயா? பண்ணு, பண்ணு. அம்மாக்களுக்கு வேறென்ன வேண்டும். சரி, கேள்.

விமர்சனம் போட வேண்டும், நட்சத்திரம் போட வேண்டும் என்றார்கள். நான் ஒன்று எழுதி எல்லாருக்கும் அனுப்பினேன். "உள்ளத்தை உருக்கும் காவியம். தமிழர் ஒவ்வொருவரும் குடும்பத்துடன் காண வேண்டும்." எல்லாரும் அதையே போட்டு, கீழே பெயரும் கதவு எண்ணும் எழுதினார்கள். செண்பகவடிவுக்குக் கண் சரியில்லை. பக்கத்திலிருந்த பேய்ப் படத்துக்குக் கீழே போட்டுவிட்டாள். அந்தப் பேய்ப் படத்தைத் தமிழர் ஒவ்வொருவரும் குடும்பத்துடன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அது இன்னும் இருக்கிறது. நம் படத்தைத்தான் தூக்கிவிட்டார்கள்.

குழுவில் ஒருத்தி மட்டும் முறையைக் கெடுத்தாள். மீனலோசனி. போனை வைத்துவிட்டுப் போகாமல், வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் காலையில் கண்கள் வீங்கி வந்து நின்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், படத்தைப் பாத்தேன்."

"பாக்கறது இருக்கட்டும். எவ்வளவு நேரம் ஓடிச்சு?"

"எழிலிகிட்ட பேசுங்க டீச்சர். அவ மனசுல இவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே. அந்தப் பொண்ணு காலை பஸ்ல வருது. அம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும்னு நாள் பூரா பின்னாலேயே அலையுது. அந்தம்மா ஒரு நிமிஷம் உக்காரல. சாயங்காலம் சொல்லாமலேயே கிளம்புது."

"சத்தம் வச்சா பாத்தே?" என்றேன். "சார்ஜ் இறங்கிடுமே மீனா!"

அவள் என் கையை விட்டுவிட்டாள். பொறாமை கண்ணு, வேறென்ன. அவள் பையன் ஹார்ட்வேர் கடையில் குழாய் விற்கிறான். என் மகள் பெயர் திரையில் வருகிறது. ஒருத்தி வயிற்றெரிச்சலில்கூட அழுவாள்.

ஆனால் அவள் சொன்ன கதையை யோசித்தேன். எங்கே பார்த்தாள் எழிலி அப்படி ஒரு தாயை? என் நாத்தனார் ஒருத்தி அப்படித்தான், வாய் ஓயமாட்டாள். அவளாக இருக்கும். எழிலியும் ஒருமுறை அப்படி முன்னறிவிப்பில்லாமல் காலை பஸ்ஸில் வந்திருக்கிறாள். அவள் அப்பா தவறிப்போன வருஷம். அன்றைக்குப் பள்ளியில் ஆண்டுவிழா. எனக்கோ நிற்க நேரமில்லை. "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றாள். "சொல்லு, காது இங்கதான் இருக்கு" என்றேன். மைக் செட்காரர் ஒருபக்கம், நாற்காலி இறக்குகிறவர் ஒருபக்கம். என்னோடு பள்ளிக்கூடத்துக்கும் வந்தாள். மேடைக்குப் பின்னால் பை தூக்கிக்கொண்டு நின்றாள். சாயங்காலம் கிளம்புகிறேன் என்றாள். கனமாக ஒரு டப்பா முறுக்கு கொடுத்தனுப்பினேன். என்ன சொல்ல வந்தாளோ, மறந்துபோயிருப்பாள். அதைப் படமாக எடுத்திருந்தாலாவது நாலு பேர் பார்த்திருப்பார்கள். ஆண்டுவிழா, கூட்டம், மைக், பிள்ளைகள் ஆட்டம் என்று கலகலவென்று இருந்திருக்கும். இவள் போய் எவளோ ஒரு தாயைப் பற்றி எடுத்தாள்.

தண்ணீர் குடிக்கிறாயா? வேண்டாமா? சரி.

மாதம் முடிகிற அன்று நிறைவு விழா வைத்தேன். பாராயணம் என்றால் நிறைவு வேண்டாமா? எல்லாரும் சேர்ந்து டி.வி.யில் கடைசிக் காட்சியைப் போட்டு, கற்பூரம் காட்டி முடிக்கலாம் என்று ஏற்பாடு. சுண்டல் தயார். ஹால் நிறைந்துவிட்டது. நான் ரிமோட்டை எடுத்து அழுத்துகிறேன். அந்த நடிகரின் பல்லைக் காணோம். கறுப்புத் திரை. நடுவில் ஒரு வரி: "நீங்கள் தேடும் படம் தற்போது இல்லை."

எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். ரெஜினா டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் ஹாலில் இருந்தே எழிலிக்குப் போன் செய்தேன். ஸ்பீக்கரில் போட்டேன், எல்லாரும் கேட்கட்டும் என்று.

"தூக்கிட்டாங்கம்மா" என்றாள். குரலே இல்லை. "யாரோ போலியா ஓட்டியிருக்காங்களாம். ஒரே வீட்டு வைஃபைல இருந்து ராப்பகலா, ஒரே மாதிரி. நான்தான் ஆள் வச்சு செஞ்சேன்னு நினைக்கறாங்க. இனிமே என் கதைய யாரும் கேக்கமாட்டாங்க."

"யாருடி அந்தப் பாவி?" என்றேன்.

"அம்மா. நீ எத்தனை போன்ல ஓட்டின?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லார் பெயரையும் சொன்னேன். செண்பகவடிவு, கோகிலவாணி, ரெஜினா டீச்சரின் இரண்டு, பஸ் ஸ்டாண்டில் கொடுத்தது எல்லாம். "உனக்காக ஒரு நிமிஷம் நிக்கவிடல எழிலி!"

"நீ பாத்தியா?"

"ஓட்டினேன்டி."

"பாத்தியாம்மா?"

"அதான் ஓட்டினேங்கறேனே. இழை அறாம ஓட்டினேன்!"

வைத்துவிட்டாள். அன்றைக்கு வைத்ததுதான். ஹாலில் யாரும் சுண்டலைத் தொடவில்லை. மீனலோசனி எழுந்து, டி.வி.யில் போட்டிருந்த மாலையைக் கழற்றி மடித்து வைத்தாள். அவளை யார் கேட்டார்கள்?

நான் அன்றிலிருந்து யோசிக்கிறேன், யார் இந்த வேலையைச் செய்திருப்பார்கள் என்று. போலியாக ஓட்டினார்களாமே. நாங்கள் ஓட்டினது போலியா? ஒவ்வொருவரும் ரத்தமும் சதையுமான மனுஷி. கதவு எண்ணோடு எழுதியிருக்கிறோம். அந்தப் பேய்ப் படக்காரன் செய்த வேலையாக இருக்கும். அல்லது பத்து நிமிஷம் பார்த்த அந்த அதிகாரி. பார்க்காமல் ஓட்டினால் கணக்கில் சேராதாம். இது என்ன நியாயம்? கோயிலில் விடிகாலையில் ஒலிபெருக்கியில் பாட்டு போடுகிறார்கள். யார் உட்கார்ந்து கேட்கிறார்கள்? சாமி கணக்கில் சேரவில்லையா?

என்ன? நான் பார்த்தேனா என்றா கேட்கிறாய்? நீயுமா? நேரம் எங்கே இருந்தது கண்ணு! அத்தனை போனையும் பார்த்துக்கொள்ள வேண்டாமா? ஒரு நாள் ஒன்றை நிமிர்த்திப் பார்த்தேன். தவமணி அம்மாள் என் புடவையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பின்னால் வாசற்படியில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள், ஏதோ சொல்லத் திறந்த வாயோடு. நல்ல வெளிச்சம், அழகாக எடுத்திருந்தாள். அதற்குள் குக்கர் கூப்பிட்டது. கவிழ்த்து வைத்துவிட்டேன். இனிமேல் பார்க்கலாம் என்றால், இல்லை. எங்கேயும் இல்லை. அவளிடம் கேட்டால் இருக்கும். கேட்பதற்கு அவள் போனை எடுக்க வேண்டும்.

செங்கல்பட்டு தாண்டிவிட்டதா? ஏரி தெரிகிறதே. வந்துவிடும் இனி.

இரு, என் போன். கண்ணாடி எங்கே... யார் என்று பார். எழிலியா? எழிலியா! கொடு, கொடு.

ஹலோ... எழிலி! ஆமாண்டி, ரயில்லதான். யார் சொன்னா, மீனாவா? அவகிட்ட சொல்லாதன்னு சொன்னேன்... இட்லிப் பொடி எடுத்திருக்கேன், உனக்குப் புடிச்ச... என்னது? ...ம். ...பாத்தேன்டி. பாத்தேன்னுதான் சொல்றேன். முழுசா. ...என்ன கேக்கற? கடைசிலயா? கடைசில வந்து... ஹலோ? ஹலோ எழிலி, விட்டு விட்டு வருது, சரியா கேக்கல... ஹலோ...

சிக்னல் போய்விட்டது.

உன் போனில் இருக்கிறதா? இருக்கும், இருக்கும். வேறு வேறு கம்பெனி.

அழவில்லை, தூசி. கேட்டாயா, அவளே கூப்பிட்டுவிட்டாள். எழும்பூருக்கு வருகிறாளாம், என்னை அழைத்துப் போக. வருகிறேன் என்றுதான் சொன்னாள். ஆனால் ஒன்று கேட்டாள். படத்தின் கடைசியில், அந்தப் பெண் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, அந்த அம்மா ஜன்னலுக்கு வந்து ஒன்று சொல்கிறாளாம். அது என்ன என்று கேட்டாள். "அதச் சொல்லும்மா, போதும். இல்லன்னா நீயே ஆட்டோ புடிச்சு வந்துக்கோ" என்கிறாள். தலைமையாசிரியைக்கே பரீட்சை வைக்கிறாள் பார்.

மீனலோசனிக்குத் தெரியும். அடித்துப் பார்க்கிறேன். ...எடுக்கமாட்டேன் என்கிறாளே. எப்போதும் மடியில் வைத்திருப்பவள், இப்போது பார்த்து எடுக்கவில்லை.

என்ன சொல்லியிருப்பாள் அந்த அம்மா? "பத்திரமாப் போ"வா? அது எல்லாரும் சொல்வது. அதற்காக ஒருத்தி மூன்று வருஷம் படம் எடுக்கமாட்டாள். "சாப்பிட்டியா"? அதைப் படம் முழுக்கச் சொல்லியிருப்பாளே. "என்னமோ சொல்ல வந்தியே, அது என்னம்மா" என்று கேட்டிருப்பாளோ? கேட்டிருந்தால் அந்தப் பெண் ஏன் பஸ்ஸில் போகிறாள், இறங்கிவிட மாட்டாளா? "என் மேலதான் தப்பு" என்றா? சே, எந்தத் தாய் போய் மகளிடம் அப்படிச் சொல்லுவாள். எங்கள் எழிலி அப்படியெல்லாம் எழுதமாட்டாள், நான் வளர்த்த பெண்.

நீ சொல்லேன் கண்ணு. நீயும் ஒருத்திக்கு மகள்தானே. பஸ் கிளம்பப் போகிறது, உன் அம்மா ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்கிறாள், நிமிர்ந்து உன்னைப் பார்க்கிறாள். என்ன சொல்ல வேண்டும் அவள்? என்ன சொன்னால் உனக்குப் போதும்? தாம்பரம் வந்துவிட்டது, அவள் மறுபடி கூப்பிடுவாள். சீக்கிரம் சொல். திண்டுக்கல்லிலிருந்து எதையோ சொல்ல வாயைத் திறந்துகொண்டே வந்தாய், இப்போது பார்த்து ஏன் இப்படி மூடிக்கொண்டாய்?